கடைசியில் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கனடாவில் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியவன். படிக்கப் போன இடத்தில் பிடித்த ஐஸ் ஹாக்கிப் பித்து, ஊர் திரும்பிய பிறகும் தெளியவில்லை. இன்னும் பத்து நாள்களில், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் கிண்ணத்துக்கான பிளேஆஃப் சுற்று தொடங்குகிறது. எங்கள் அணி எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. (அணியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, எழுதினால் ராசி போய்விடும். நீங்களும் ஊகித்து எழுதிவிடாதீர்கள்.)

என் கவலையெல்லாம் எங்கள் கோல்காப்பாளரைப் பற்றியது. பருவம் முழுவதும் நன்றாக ஆடியவர், கடைசி மூன்று வாரங்களாக ஓட்டை வாளியாகிவிட்டார். அவர் தடுக்கும் விகிதம் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வேலை நாள்களில் முழு ஆட்டத்தைப் பார்க்க முடிவதில்லை. மதிய உணவின்போது கோல்களின் தொகுப்பைப் பார்த்துவிடுவேன். அதிலேயே தெரிகிறது, தவறு யாருடையது என்று. மாற்றாக 22 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். முதல் ஆட்டத்திலேயே அவரை நிறுத்திவிட வேண்டும் என்கிறேன். நீங்கள் ஹாக்கி ஆடியவர் என்று உங்கள் கட்டுரையொன்றில் படித்திருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

இன்னும் இரண்டு கேள்விகள். பனியே விழாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆட்டத்துக்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வது பைத்தியக்காரத்தனம் என்கிறார் என் மனைவி. அப்படித்தானா? 82 ஆட்டங்கள் ஆடி முதலிடத்தில் நிற்கும் அணியை விட்டுவிட்டு, இரண்டே மாதங்களில் 16 ஆட்டங்களை வெல்லும் அணிக்குக் கிண்ணத்தைக் கொடுப்பது நியாயமா?

க.,
செங்காங்

அன்புள்ள தம்பி,

உங்கள் பின்னிரண்டு கேள்விகளையும் முதலில் அப்புறப்படுத்திவிடுகிறேன். பனி விழாத ஊரில் ஐஸ் ஹாக்கி பார்ப்பது பைத்தியக்காரத்தனமென்றால், கடலே இல்லாத ஊரில் கருவாடு தின்பதும் பைத்தியக்காரத்தனம்தான். ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூப் கடைத்தொகுதி 2023-இல் மூடப்படும்வரை அங்கே ஒலிம்பிக் அளவுப் பனித்தளம் ஒன்று இருந்தது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே பிள்ளைகள் கம்பளிக் கையுறையோடு சறுக்கிக்கொண்டிருந்ததை நானே நின்று பார்த்திருக்கிறேன். மேலும், கோடைக்கால நேரக்கணக்கில் கிழக்குக் கனடாவின் இரவு ஏழு மணி நமக்குச் சரியாகக் காலை ஏழு மணி. இதில் உறக்கம் எங்கே கெடுகிறது? மனைவியிடம் பொய் சொல்லாதீர்கள்.

கிண்ணம் நியாயமாகத்தான் போகிறதா என்றால், இல்லை. 2019-இல் 62 ஆட்டங்களை வென்று முதலிடம் பிடித்த தாம்பா பே, முதல் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களைத் தோற்று வீட்டுக்குப் போனது. 2023-இல் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்ற பாஸ்டன், ஃபுளோரிடாவுக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்றும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆனாலும் இது பருவம் தொடங்குமுன்பே 32 அணிகளுக்கும் தெரிந்த விதி. தெரிந்தே ஆட இறங்கியவர்களுக்காக நாம் ஏன் ஒப்பாரி வைக்க வேண்டும்?

இனி அந்த ஓட்டை வாளிக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் நான் ஃபேரர் பார்க் திடலின் ஓரமாக நடந்து தேக்கா சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட இடத்தை என் கண் தேடுகிறது: ஒரு தூங்குமூஞ்சி மரம், அதற்கு எதிரே ஒரு காலத்தில் கோல்கம்பங்கள் நின்ற இடம், கம்பங்களுக்கு முன்னால் எத்தனை முறை மண் போட்டாலும் மழைக்குக் குழிந்துபோகும் ஒரு சிறு பள்ளம். பள்ளம் இப்போது இல்லை. எனக்கு மட்டும் அது இன்னும் தண்ணீரோடு கிடக்கிறது. அதை நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவனுக்கு உங்கள் மின்னஞ்சல், அதில் ‘ஓட்டை வாளி’ என்ற சொல். கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

1978-ஆம் ஆண்டு. எனக்கு வயது 18. தேசிய சேவைக்குப் போக இன்னும் சில மாதங்கள் இருந்தன. பனியில் இல்லை, திடலில் ஆடும் ஹாக்கியில், ஒரு மன்றத்தின் இரண்டாம் அணிக்குக் கோல்காப்பாளனாக நின்றேன். எல்லாரையும்போல நானும் தாக்குதல் ஆட்டக்காரனாகத்தான் சேரப் போனேன். ஓட்டம் போதாது என்று சொல்லிக் காலுறையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். காலுறை என்றால் இன்றைக்குள்ள இலேசான நுரைப் பலகையைக் கற்பனை செய்யாதீர்கள். பிரம்புக் குச்சிகளை வரிசையாக வைத்துப் பஞ்சடைத்துக் கித்தான் துணியால் தைத்த, எனக்கு முன்னால் எத்தனை பேர் கட்டினார்களோ தெரியாத, தோல்வார் இற்றுப்போன சாமான் அது. மழையில் நனைந்தால் ஒவ்வொரு காலும் ஒரு மூட்டை அரிசி கனக்கும். மறுநாள் வெயிலில் காயவைத்தால் செத்த எலியின் வாடை வரும். தலைக்கவசம் கிடையாது.

அரையிறுதி ஆட்டம் அன்று. காலையில் பெய்த மழை ஓய்ந்திருந்தது. முதல் பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது எதிரணியின் வலப்பக்க ஆட்டக்காரர் வட்டத்துக்குள் நுழைந்து அடித்தார். வலுவான அடிகூட இல்லை. பந்து தரையோடு நேராக என்னை நோக்கி வந்தது. வந்த வேகத்தைக் கணக்கிட்டு வலக்காலை வீசினேன். பந்து அந்தப் பள்ளத்துத் தண்ணீரில் பட்டு, ஒரு கணம் நின்றது. என் கால் காற்றில் போய்விட்டது. நின்ற பந்து என்ன நினைத்ததோ, மெல்ல உருண்டு, நான் ஒற்றைக் காலில் தடுமாறிக்கொண்டிருந்தபோதே கோட்டைத் தாண்டியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதைவிட, பத்தடி தூரத்தில் நின்ற எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் இரண்டு கைகளையும் விரித்து, தலையை ஆட்டி, திடலில் இருந்த எல்லாருக்கும் தெரியும்படி என்னைப் பார்த்தார். இடைவேளையில் காலுறையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

என் தந்தை துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணியாக இருந்தவர். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது ஒருவர் எண்ணுவார், வண்டியில் ஏறும்போது ஒருவர் எண்ணுவார், கிடங்கு வாசலில் கடைசியாக ஒருவர் எண்ணுவார். மூட்டை எங்கே குறைந்தாலும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் கிடங்கு வாசலில் நிற்பவர்தான். என் தந்தை பல ஆண்டுகள் அந்த வாசலில் நின்றார். அன்றைக்கு அவர் மரத்தடியில் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல், “அந்தப் பந்து உன்னிடம் வருவதற்குமுன் எத்தனை பேரைத் தாண்டி வந்தது, எண்ணிச் சொல்” என்றார். எனக்கு அழுகையும் எரிச்சலும். அவர் விடவில்லை. எண்ணினேன். நடுத்திடலில் பந்தைத் தவறவிட்டவர் ஒருவர். அவருக்குத் துணைபோக வேண்டிய இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர் ஒருவர். வலப்பக்க ஆட்டக்காரரைத் துரத்தாமல் பாதியில் நின்றவர் ஒருவர். நான்காமவர், வட்டத்தின் விளிம்பில் மட்டையை நீட்டத் தாமதித்தவர். கைகளை விரித்துத் தலையாட்டினாரே, அவரேதான். “நாலு,” என்றேன். “நீ அஞ்சாவது. எழுதிக்கொள்,” என்றார் தந்தை. அதற்குமேல் பேசவில்லை.

தம்பி, நீங்கள் மதிய உணவின்போது பார்ப்பது எதை? கோல்களின் தொகுப்பை. ஒரு கோலுக்குப் பத்து வினாடி ஒதுக்குகிறார்கள். அந்தப் பத்து வினாடியில் முதல் நால்வரும் இருக்க மாட்டார்கள். அவர்கள் தவறிழைத்தது அதற்கும் இருபது வினாடிக்கு முன்னால். படத்தில் எஞ்சுபவர் ஐந்தாமவர் மட்டும். அவர் மண்டியிட்டுக் கிடக்கிறார், வலை அசைகிறது, எதிரணியினர் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கிடங்கு வாசலில் நிற்பவரை மட்டும் படம்பிடித்துக் காட்டிவிட்டு மூட்டை எங்கே போயிற்று என்று கேட்பதைப்போன்றது இது. இதைப் பார்த்துவிட்டு நீங்கள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஒரு மனிதருக்கு ஓட்டை வாளி என்று பெயர் வைக்கிறீர்கள். கூசவில்லையா?

விகிதம் என்று ஒன்றைச் சொன்னீர்கள், அதையும் பார்ப்போம். நூறு அடிகளில் 92-ஐத் தடுப்பவரை அந்த உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறது. 89-ஐத் தடுப்பவரை ஏசுகிறது. வேறுபாடு நூற்றுக்கு மூன்று. ஓர் ஆட்டத்தில் முப்பது அடிகள் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், ஆட்டத்துக்கு ஒரு கோல்கூட இல்லை. அந்த ஒரு கோலில்தான் ஆட்டமே போகிறது என்று நீங்கள் சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று அடிகள் எங்கிருந்து அடிக்கப்பட்டன, அடித்தவருக்கு எதிரே எவரேனும் நின்றாரா, வட்டு (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் அதுதான்) வரும் வழியில் சொந்த அணிக்காரரின் முதுகே கோல்காப்பாளரின் கண்ணை மறைத்ததா என்பதெல்லாம் அந்த விழுக்காட்டில் இல்லை. தாக்கும் பகுதி தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து கோல்கோடு 64 அடி தூரம். அங்கிருந்து மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் வட்டு வந்து சேர அரை வினாடிக்கும் குறைவு. அந்த அரை வினாடிக்குள் நடுவில் ஒருவர் மட்டையை நீட்டித் திசையை மாற்றிவிட்டால், எந்த மனிதரின் காலும் அதற்கு எட்டாது. எட்டாத காலைத்தான் நீங்கள் ஓட்டை என்கிறீர்கள்.

மற்ற ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடம் பாய்ந்து பாய்ந்து ஆடிவிட்டு, தடுப்பைத் தாண்டிப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். தவறு செய்தவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டால், அவர் முகம் நமக்கு மறந்துபோகும். கோல்காப்பாளருக்கு அந்தப் பெஞ்சு இல்லை. 60 நிமிடமும் அவர் அதே இடத்தில், கோல் விழுந்தால் தலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிய, நின்றாக வேண்டும். பிளேஆஃப் சுற்றில் கூடுதல் நேரத்துக்கு எல்லையே இல்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான்: பருவ ஆட்டங்களில் இருப்பதைப்போல ஒற்றைக்கு ஒற்றை அடித்து முடிக்கும் வழக்கம் அங்கே கிடையாது, ஒரு கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஆட வேண்டும். 1936 மார்ச்சில் டெட்ராய்ட்டும் மான்ட்ரியல் மரூன்ஸும் ஆடிய ஆட்டத்தில் கூடுதல் நேரம் மட்டும் 116 நிமிடம் 30 வினாடி நீண்டது. முடிவு 1-0. அந்த ஒரேயொரு கோலை விட்டவரையும் மான்ட்ரியலில் எவரேனும் ஓட்டை வாளி என்று சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

கென் டிரைடனை நினைவூட்டுவீர்கள் என்று தெரியும். 1971-இல் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி, ஆறே பருவ ஆட்டங்கள் ஆடியிருந்த அந்த இளைஞரை பிளேஆஃபில் நிறுத்தியது. அவர் முந்திய ஆண்டு கிண்ணம் வென்ற பாஸ்டனை முதல் சுற்றிலேயே வெளியேற்றி, கடைசியில் கிண்ணத்தையும், பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதையும் வாங்கிக்கொண்டு போனார். உண்மைதான். அது ஓர் அற்புதம். ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒவ்வோர் ஊரிலும் உங்களைப்போல ஒரு ரசிகர் தம் அணியின் பெஞ்சில் ஒரு டிரைடன் உட்கார்ந்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் 22 வயதுப் பிள்ளை, அவ்வளவுதான்.

அதே கான் ஸ்மைத் விருதைப் பற்றி இன்னொன்று சொல்கிறேன். 1965 முதல் 2025 வரையில், இறுதிச்சுற்றில் தோற்ற அணியிலிருந்து அதைப் பெற்றவர்கள் ஆறே பேர். 1966-இல் ரோஜர் குரோசியர், 1968-இல் கிளென் ஹால், 1976-இல் ரெஜி லீச், 1987-இல் ரான் ஹெக்ஸ்டால், 2003-இல் ஜான் செபாஸ்டியன் ஜிகேர், 2024-இல் கானர் மெக்டேவிட். இவர்களில் லீச்சையும் மெக்டேவிட்டையும் நீக்கிவிட்டால் மற்ற நால்வரும் கோல்காப்பாளர்கள். அணி தோற்றது, ஆனால் தோற்கடித்தவர் கடைசியில் நின்றவர் இல்லை என்பதை அந்த நான்கு முறையாவது எவரோ பின்னோக்கி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஹாக்கிக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2021 ஆகஸ்ட்டில் தோக்கியோவில் இந்தியா வெண்கலம் வென்றபோது, கடைசி வினாடிகளில் ஜெர்மனியின் பெனால்ட்டி கார்னரைத் தடுத்துவிட்டு, கோல்கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷின் படத்தை நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தின் முடிவு 5-4. அந்த நான்கையும் விட்டவர் அவர்தான். ஒரு கட்டத்தில் இந்தியா 1-3 என்று பின்தங்கியிருந்தது. அப்போது அவரை மாற்ற வேண்டும் என்று எத்தனை வீடுகளின் கூடங்களிலிருந்து குரல் எழுந்திருக்கும்!

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரும் ஹாக்கி ஆடியது. கிரிக்கெட், கால்பந்து, ரக்பி, ஹாக்கி ஆகிய நான்கிலும் சிங்கப்பூரின் சார்பாக ஆடிய ஆறுமுகம் விஜயரத்தினம் அந்த அணியில் இருந்தார். இந்தியாவிடம் நாம் 0-6 என்று தோற்றோம். என் தந்தையின் கூட்டாளிகள் பல ஆண்டுகள் கழித்தும் கோப்பிக்கடையில் அதைப் பெருமையாகத்தான் பேசுவார்கள்: ஆப்கானிஸ்தானுக்கு 14, அமெரிக்காவுக்கு 16, நமக்கு ஆறுதான்! ஆறு கோல் விட்டதை அணியின் பெருமையாக எண்ணத் தெரிந்த மனிதர்கள் அவர்கள். எந்த ஆட்டத்தின் விழுக்காடும் அவர்களிடம் இல்லை. எதிரே நின்றது யார் என்பது மட்டும் தெரியும். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு கோல்கூட விடாமல் தங்கம் வென்றது.

இவ்வளவு பேசும் நான் யோக்கியன் என்று எண்ணிவிடாதீர்கள். 1990-களில் நான் வேலை பார்த்த பள்ளியொன்றில் ஹாக்கி அணியை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். காலிறுதியில் இடைவேளைக்குள் மூன்று கோல்கள் விழுந்திருந்தன. வேலியோரம் பெற்றோர் கூட்டம், பின்னால் முதல்வர். ஏதாவது செய்தேன் என்று காட்டியாக வேண்டும். தற்காப்பில் மூன்று பையன்களை மாற்றியிருக்க வேண்டும்; அதற்குத் துணிச்சலும் இல்லை, ஆளும் இல்லை. கோல்காப்பாளனாக நின்ற உயர்நிலை மூன்றாம் வகுப்புப் பையனை அழைத்து, “இரண்டாம் பாதிக்கு ஓய்வெடுத்துக்கொள்” என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. உட்கார்ந்து காலுறையை அவிழ்த்து, வார்களை உள்ளே மடித்து, இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்து, மேலே கையுறையை வைத்து, அடுத்தவன் எடுக்க வசதியாக என் பக்கம் தள்ளினான். இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு கோல்கள் விழுந்தன. அதற்குப் பிறகும் அவன் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிடாமல் வந்தான்; கோல்கம்பத்துக்கு நடுவில் நிற்கட்டுமா என்று மட்டும் ஒருபோதும் கேட்கவில்லை. நானும் நிற்கச் சொல்லவில்லை. என் தந்தை கற்றுக்கொடுத்த கணக்கை நான் போட மறந்த இடம் அது. மறந்தேன் என்பதுகூடப் பொய். போட்டுப் பார்த்துவிட்டுத்தான், எண்ணிக்கையில் வந்த மற்ற நால்வரையும் விட்டுவிட்டு ஐந்தாமவனைத் தொட்டேன். அவன்தான் தொட எளிதாக இருந்தான்.

நீங்கள் கேட்டது, முதல் ஆட்டத்தில் யாரை நிறுத்துவது என்று. 2025-இல் வின்னிபெக் அணியின் கானர் ஹெல்லபக், அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர், செயின்ட் லூயிஸுக்கு எதிரான முதல் சுற்றில் மூன்று ஆட்டங்களில் பாதியிலேயே வெளியே அழைக்கப்பட்டார். ஏழாவது ஆட்டத்துக்கு அவரையே நிறுத்தினார்கள். கடைசி வினாடிகளில் வின்னிபெக் சமன் செய்து, இரண்டாம் கூடுதல் நேரத்தில் வென்றது. அடுத்த சுற்றில் டாலஸிடம் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் எழுதி அனுப்புவீர்கள். உங்கள் மூத்தவரையே நிறுத்தட்டும். அவர் களைத்திருந்தால் பயிற்றுவிப்பாளருக்குத் தெரியும். செங்காங்கில் இருக்கும் உங்களுக்கும் அங் மோ கியோவில் இருக்கும் எனக்கும் தெரியாது.

பிளேஆஃப் முடியும்வரை தாடியை மழிக்காமல் விடும் வழக்கம் உங்கள் கூட்டத்தில் உண்டு. மழிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மழிக்காமல்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இருக்கட்டும், முகம் உங்களுடையது. முதல் ஆட்டம் நம் காலை ஏழு மணிக்கு வருமானால், அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு முழுமையாகப் பாருங்கள். கோல் விழுந்ததும் மறுஒளிபரப்பை நம்பாமல், நீங்களாகவே பின்னோக்கி எண்ணுங்கள். எத்தனை பேர் என்று எனக்கு எழுதுங்கள், கோல்காப்பாளரைச் சேர்த்து.

அன்புடன்.